மழையில் கோஸ்தான்

வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு எங்கள் ஊரில் ஒரே சொல்தான். கோஸ்தான். தமிழரும் அதைத்தான் சொல்வார், மலாய்க்காரரும் அதைத்தான் சொல்வார், சீனரும் அதைத்தான் சொல்வார். பாசார் சந்தையிலோ, கோவில் வாசலிலோ, பள்ளிக்கூட கேட் பக்கத்திலோ இரண்டு கார்கள் முட்டிக்கொண்டு நின்றால், சம்பந்தமே இல்லாத ஒருவர் நடுரோட்டுக்கு வந்து கையை ஆட்டி "கோஸ்தான், கோஸ்தான்" என்று கத்துவார். அது எந்த மொழிச் சொல் என்று ஐம்பத்தெட்டு வயது வரை நான் யோசித்ததே இல்லை. மலாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்கு அந்தச் சொல்தான் தொழில். போர்ட் கிள்ளானில் முப்பத்தொரு வருஷம் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர். நாற்பதடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, கிடங்கு வாசலில் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மட்டும் விட்டுப் பின்னாலேயே கொண்டுபோய் ஒட்டவைப்பார். கல்யாணமான புதிதில் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டைக் கொடுக்கப் போனபோது ஒரு தடவை நேரில் பார்த்தேன். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஒரு கையால் ஸ்டீயரிங்கை உருட்டி, ஏதோ வீட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி சாத்திவிட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த பெருமை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. இல்லாவிட்டால் இத்தனை வருஷம் ஓட்டியிருக்க முடியாது.

ஆனால் அதே மனிதர் லோரியை விட்டு இறங்கி எங்கள் காரில் ஏறிவிட்டால் கோஸ்தான் என்கிற பேச்சே கிடையாது. வேலையில் நாள் முழுக்கப் பின்னால் போனது போதும் என்பாரோ என்னவோ. "ரோட்டுல கோஸ்தான் பண்றவன் வழி தெரியாதவன்" என்பது அவருடைய வேதம். ஒரு தடவை ரவாங்கில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகும்போது திரும்பவேண்டிய சந்து ஒன்றைத் தவறவிட்டார். பத்தடி பின்னால் எடுத்திருந்தால் முடிந்தது. எடுக்கவில்லை. முன்னாலேயே போய், யாரோ ஒருவருடைய ஃபேக்டரியைச் சுற்றி, ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மோதிரம் மாற்றி முடித்துப் பாயசமும் தீர்ந்துவிட்டது. "ஊரைப் பாத்த மாதிரி இருந்துச்சுல்ல" என்றார். நான் பதில் சொல்லியிருந்தால் இன்னொரு ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டியிருப்பார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, அந்த டிசம்பர் மழை வரும்வரை.

சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாணம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முந்தின நாளிலிருந்து விடாத மழை. ஹைவேயில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் தாமான் குடியிருப்புக்குத் திரும்புகிற ரோடு ஒரு மேம்பாலத்துக்கு அடியில் பள்ளமாக இறங்கும். அங்கே தண்ணீர் நின்றது. ஆற்றிய பால்தேநீர், அந்தத் தே தாரே நிறத்தில், நல்ல அகலமாக, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல். எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு கார்களும் பின்னால் எடுத்துத் திரும்பிப் போயின.

"என்னங்க, கோஸ்தான் பண்ணுங்க" என்றேன்.

"இதெல்லாம் ஒரு தண்ணியா? அவனுங்களுக்கு ஓட்டத் தெரியல."

"பஞ்சிர்ங்க, வெள்ளம். வீட்டுக்கு அப்புறம் போலாம்."

"சும்மா இரு மா."

சும்மா இருந்தேன். அதற்காக இன்றுவரை என்மேல் எனக்கே கோபம். பாதி தூரத்தில் எஞ்சின் இருமியது, நின்றது. முதலில் காலடியில் சில்லென்று ஏறியது. பிறகு முட்டி. கதவு திறக்கவில்லை. பழைய கார் என்பதால் கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி. அது மட்டும் இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். பட்டுச்சேலையோடு ஜன்னல் வழியாக வெளியே வந்து, அவர் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட, காரின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தேன். அவரும் ஏறினார். கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை மிதந்து போனது. தேங்காய் மட்டும் தனியாகப் பிரிந்து எங்கள் வீட்டுப் பக்கமாகவே போயிற்று.

இரண்டு மணி நேரத்துக்குமேல் அங்கே உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்திலிருந்து ஒரு மலாய்க்காரர் மீன்பிடிக்கிற சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும். படகு நகரும்போது என் கணவர் மூழ்கிக்கொண்டிருந்த காரைத் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் வேகமா அடிச்சிருந்தா தாண்டியிருக்கலாம்" என்றார்.

கார் போனது பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் விழுங்கமுடியவில்லை.

அதற்குப் பிறகு மழையில் அவர் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டேன். சண்டை போடவில்லை, சபதம் எடுக்கவில்லை. முதல் துளி கண்ணாடியில் விழுந்ததும், "அந்த ஸ்டேஷன்ல எறக்கிவிட்டுடுங்க" என்பேன். கிள்ளானிலோ ஷா ஆலத்திலோ இறங்கி கொம்யூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரலுக்குப் போவேன். அவர் காரில் வருவார். அந்தப் பக்கம் குடையோடு நிற்பார். இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி பிரிக்ஃபீல்ட்ஸில் இட்லி சாப்பிடுவோம். ஏன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பங்சாரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் இதற்கு "மழை டிவோர்ஸ்" என்று பேர் வைத்தாள். கிள்ளானில் மழை பெய்யாத வாரம் ஏது? கணக்குப் பார்த்தால் நாங்கள் பாதி வருஷம் பிரிந்து வாழ்ந்தவர்கள்.

அவர் ரிட்டயர் ஆனபோது அந்த மகள்தான் வம்பை விலைக்கு வாங்கினாள். அப்பாவுக்குப் பரிசு என்று ஆஸ்திரேலியாவில் ஒரு கேம்பர்வேன் பயணத்தை ஏற்பாடு செய்துவிட்டாள். பின்னால் கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் வைத்த வேன். கெய்ன்ஸில் எடுத்து, கடற்கரையோரமாகத் தெற்கே ஓட்டிக்கொண்டே போய் பத்தாம் நாள் திருப்பிக் கொடுக்கவேண்டும். பிப்ரவரி மாதம்.

"ஆஸ்திரேலியால அப்ப சம்மர் மா" என்றாள். "நல்ல வெயில் அடிக்கும்."

நாங்களும் தலையாட்டினோம். எங்களுக்கு வருஷம் முழுக்க ஒரே காலம். கோடை, குளிர் எல்லாம் டிவியில் பார்த்தது. சம்மர் என்றால் வெயில், அவ்வளவுதான் தெரியும். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதி நம்மைப் போலவே மழைநாடு என்பதும், அங்கே சம்மர் என்றால் ஆற்றை ரோட்டுக்கு அழைத்துவருகிற காலம் என்பதும் டிக்கெட் எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் மகளே போன் செய்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மா, ஒரு சின்ன விஷயம். அங்க கொஞ்சம் மழை இருக்குமாம்."

கொஞ்சம்!

போகமாட்டேன் என்றேன். இரண்டு நாள் சமையலறையில் பாத்திரங்கள் பேசின. அவர் இரவல் வாங்கிய ஆஸ்திரேலியா மேப்பைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ரோட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருஷம் போர்ட்டுக்கும் கிடங்குக்கும் நடுவே ஓட்டிய மனிதருக்கு முன்னால் முதல்தடவையாகப் பெட்டி ஏற்றாத ஒரு ரோடு. எனக்கு மனம் இளகிவிட்டது. இளகியதை உடனே காட்டாமல் ஒரு நிபந்தனை போட்டேன். மகளை ஸ்பீக்கரில் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

"ரோட்டுல தண்ணி இருந்தா நான் கோஸ்தான்னு சொல்வேன். ஒரு வார்த்த பேசக்கூடாது. உடனே கோஸ்தான் பண்ணணும். சம்மதமா?"

"சரி லா" என்றார்.

எங்கள் வீட்டில் அவருடைய "சரி லா"வுக்கு நிறைய அர்த்தம் உண்டு. கேட்டுவிட்டேன், செய்யமாட்டேன் என்று அர்த்தம். பேச்சை நிறுத்து என்று அர்த்தம். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்கு நீயே மறந்துவிடுவாய் என்றும் அர்த்தம். சரி என்கிற அர்த்தத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. விமானத்தில் அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார். நான் ஒரே கேள்வியை மென்றுகொண்டு வந்தேன். எனக்குத் தண்ணீர் பயம் இல்லை. தண்ணீரைப் பார்த்ததும் இந்த மனிதர் திரும்புவாரா, மாட்டாரா? அதுதான் பயம்.

கெய்ன்ஸில் இறங்கியபோது மழை இல்லை. வெக்கையும் ஈரமும் புல் வாசனையும் அப்படியே கிள்ளான். இவ்வளவு தூரம் பறந்து வந்து மறுபடி நம் வீட்டு வாசலிலேயே இறங்கிவிட்டோமோ என்று இருந்தது. வேன் கொடுக்கிற இடத்தில் கை முழுக்கப் பச்சை குத்திய ஒரு பெண் எங்களைக் கவனித்தாள். நல்ல பெண். மேப்பில் பேனாவால் நாலைந்து இடத்தில் வட்டம் போட்டு, இந்த இடங்களில் ரோட்டுமேல் தண்ணீர் ஏறும், ஏறினால் திரும்பிவிடுங்கள், தண்ணீருக்குள் விட்டால் இன்சூரன்ஸ் கிடையாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் அந்தத் தலையை நம்பவில்லை.

புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவேண்டும். வாடகை வண்டிதான், ஆனாலும் பத்து நாள் வீடு. ஊரிலிருந்து பழம் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால், அங்கேயே பக்கத்துக் கடையில் நாலு வாங்கி வந்து நாலு சக்கரத்துக்கும் வைத்தேன். அந்தப் பெண் குனிந்து பார்த்து, இது எதற்கு என்று கேட்டாள்.

என் கணவர் இங்கிலீஷில் சொன்னார்: "இதுதான் எங்க ஊரு இன்சூரன்ஸ்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் நாலு பழத்தையும் நசுக்கிக்கொண்டு வெளியே வந்தார். முன்னால்தான்.

டவுனைத் தாண்டி அரை மணி நேரம் இருக்கும். முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. என் வாய் பழக்கதோஷத்தில் "அந்த ஸ்டேஷன்ல" என்று ஆரம்பித்துவிட்டது. அங்கே எந்த ஸ்டேஷன்? இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். வைப்பரைப் போட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு, மழைக்குள் நாங்கள் ஒரே வண்டியில் இருந்தோம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மழை என்றால் சாதாரண மழை இல்லை. வைப்பர் ஒரு பக்கம் தள்ளுவதற்குள் மறுபக்கம் நிரம்பியது. அவர் நிதானமாகத்தான் ஓட்டினார், அதைச் சொல்லவேண்டும். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போனார். வழியில் ஒரு பறவையின் படம் போட்ட மஞ்சள் போர்டு வந்தது, ஆளுயரப் பறவையாம், ரோட்டைக் கடக்குமாம். "கோழிக்கெல்லாம் போர்டு வச்சிருக்கானுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டேன். இன்னும் பரீட்சை முடியவில்லை.

மகள் முதல் ராத்திரிக்கு இடம் பிடித்து வைத்திருந்தது ஹைவேயிலிருந்து உள்ளே போகிற ஒரு கரும்புத்தோட்டத்து ரோட்டில். அங்கே ஓடைக்கரையில் வேன்கள் நிறுத்துகிற இடம் இருந்ததாம். ஓடைக்கரை! படத்தில் அழகாக இருந்தது என்றாள். வேன் கொடுத்த பெண் மேப்பில் போட்ட வட்டங்களில் அந்த ரோடு இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அதற்குள் திரும்பினோம். ஒரு வண்டி போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் கால்வாய், எங்கள் பேச்சில் லோங்காங்கு, அதற்கப்பால் கரும்பு. வானம் கறுத்து, கரும்புமேலேயே உட்கார்ந்திருந்தது.

ஒரு வளைவைத் தாண்டியதும் ரோடு முடிந்துவிட்டது. முடியவில்லை, பழுப்புத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் மறுபடி ஏறித் தெரிந்தது. நடுவில் ஐம்பதடி இருக்கலாம். ஓரத்தில் நட்டிருந்த ஒரு வெள்ளைக் கம்பத்தில் ஆழத்துக்கு எண்கள் எழுதியிருந்தன. மழையில் எனக்கு எண் தெரியவில்லை. தண்ணீர் அதைச் சுற்றி நுரைத்துக்கொண்டு போனது மட்டும் தெரிந்தது. தே தாரே நிறம்.

வேனை நிறுத்தினார்.

சொல்லவேண்டிய நேரம். இரண்டு மாதமாக வைத்திருந்த சொல். ஆனால் வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. காலடியில் சில்லென்று ஏறுகிற மாதிரியே இருந்தது. குனிந்து பார்த்தேன், காய்ந்த ரப்பர் பாய்தான் இருந்தது. அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து உயரமான சக்கரம் வைத்த ஒரு வண்டி வந்தது. நிற்கவே இல்லை. தண்ணீரை இரண்டு பக்கமும் கிழித்துக்கொண்டு ஏறி வந்து, தண்ணீர் விளிம்பில் மட்டும் இருந்த ஓரத் திட்டில் பாதி ஏறி, வேனை உரசுகிற மாதிரி எங்களைக் கடந்து போய்விட்டது. ஓட்டியவர் கையை வேறு அசைத்தார். என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அந்த வண்டி தண்ணீரைத் தாண்டி வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடை இறுகியிருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். மேம்பாலத்துக்கு அடியில் பார்த்த முகம்.

முடிந்தது என்று நினைத்தேன். மகளுக்கு யார் சொல்வார்கள் என்றுகூட நினைத்துவிட்டேன். கியர் மாறுகிற சத்தம் கேட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

பீப். பீப். பீப்.

என்ன சத்தம் என்று முதலில் புரியவில்லை. வேன் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு உடம்புக்கு முதலில் புரிந்தது. முதுகு சீட்டை விட்டு முன்னால் சாய்ந்தது. சாப்பாடு கொண்டுபோன அன்றைக்குக் கிடங்கு வாசலில் கேட்ட சத்தம். வண்டி பின்னால் போகும்போது போடுகிற சத்தம். கண்ணைத் திறந்தேன். தண்ணீர் எங்களை விட்டு விலகிப்போய்க்கொண்டிருந்தது.

பத்தடி போய் நிறுத்தினார். "கேமரால ஒரே சேறு, ஒன்னும் தெரியல" என்றார், என்னைப் பார்க்காமல். "ரெண்டு பக்கமும் லோங்காங்கு. எறங்கி பின்னால பாத்து சொல்லு. கோஸ்தான் பண்ணணும்."

வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, அதுதான். எனக்கு அழுகை வந்தது. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் குதித்தேன். இத்தனை வருஷமும் மழை வந்தால் அவர் வண்டியிலிருந்து இறங்கியவள்தான். அவருக்கு வழிகாட்ட இறங்கியது அன்றைக்குத்தான்.

திருப்ப இடமே இல்லை. பின்னால், வந்த வழியில், ஒரு தோட்டத்து கேட் இருந்தது நினைவிருந்தது. அதுவரை பின்னாலேயே போகவேண்டும். முந்நூறடியாவது இருக்கும். சுடிதார் உடம்போடு ஒட்டிக்கொள்ள, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் நின்று கத்தினேன். "கோஸ்தான்! கோஸ்தான்! லெஃப்ட்ல லோங்காங்கு இருக்கு, பாத்து! வாங்க, வாங்க, கோஸ்தான்!" பாசாரில் சம்பந்தமில்லாமல் கத்துகிறவர்களை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். அதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று தெரியாது.

அவர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தார். நரைத்த தலையில் மழை கொட்டியது. வேன் கோடு போட்ட மாதிரி வந்தது. சக்கரத்துக்கும் கால்வாய் விளிம்புக்கும் ஒரு சாண் இருந்தது, இரண்டு பக்கமும்.

கேட் அருகே ஒரு பழைய வண்டி நின்றிருந்தது. எங்களுக்கு வழிவிட்டு ஓரம் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு வயதான வெள்ளைக்காரர் இறங்கி வந்தார். அரைக்கால் சட்டை, வெறுங்கால், மழை பெய்வதே தெரியாத முகம். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக நின்று வேனை கேட்டுக்குள் ஏற்றிவிட்டோம். ஏற்றி முடிந்ததும் அவர் கேட்டார், நீ என்ன கத்தினாய் என்று.

கோஸ்தான், மலாய் வார்த்தை, வண்டியைப் பின்னால் எடுப்பதற்குச் சொல்வோம் என்றேன்.

அவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மலாய் இல்லை அம்மா, இங்கிலீஷ் என்றார். கோ ஆஸ்டர்ன். இறால் படகில் காலமெல்லாம் வேலை பார்த்தவராம். படகைப் பின்பக்கமாகச் செலுத்துவதற்குக் கேப்டன் அப்படித்தான் கட்டளை கொடுப்பாராம். எங்கள் ஊர் எது என்று கேட்டார். கிள்ளான், துறைமுகம் உள்ள ஊர் என்றேன். அப்புறம் என்ன, கப்பலிலிருந்து இறங்கி ரோட்டுக்கு வந்துவிட்டது உன் வார்த்தை என்றார். அந்தப் பக்கம் போகவே வேண்டாம், ராத்திரிக்குள் இன்னும் ஏறும், ஹைவே ஓரத்தில் மேட்டில் ஒரு நல்ல இடம் இருக்கிறது என்று வழியும் சொன்னார். போகும்போது என் கணவரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கி, "கோஸ்தான்!" என்று கத்தினார்.

"தேங்க் யூ, பாஸ்!" என்று இவரும் கத்தினார்.

கேட்டுக்குள் வேன் நின்றது. உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டேன். அவருக்கும் ஒரு துண்டை எறிந்தேன். அந்தச் சின்ன அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். அந்த வேனில் நான் செய்த முதல் சமையல் இரண்டு குவளை தே ஓ, பால் சேர்க்காத தேநீர். கண்ணாடி எல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. கூரைமேல் மழை இடித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ நாளாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப்போயிருந்தது. வெறுமனே உட்கார்ந்திருப்பதே போதும்போல் இருந்தது.

"நான் சொல்றதுக்கு முன்னாலயே எடுத்துட்டீங்களே" என்றேன்.

"நீ சொல்லமாட்டேன்னு தெரிஞ்சிச்சு. ஒன் மூஞ்ச பாத்தேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். அது எனக்குத் தோன்றவே இல்லை. பேச்சை மாற்ற, அந்தக் கிழவர் சொன்ன கதையைச் சொன்னேன். கோஸ்தான் மலாய் இல்லையாம், இங்கிலீஷாம், காருக்குச் சொல்கிற வார்த்தையே இல்லையாம், படகுக்குச் சொல்கிறதாம் என்று.

அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே கேட்டார். குடிக்கவில்லை.

"போட்டுக்கு சொல்ற வார்த்தையா" என்றார். "அன்னைக்கு நம்ம காரும் போட்டு மாதிரிதான் இருந்துச்சு. அந்தப் பாலத்துக்கு அடியில." குவளையைக் கீழே வைத்தார். "நீ சொன்னப்பவே கோஸ்தான் பண்ணியிருக்கணும். பண்ணல. தப்பு என்மேலதான் மா."

அவர் அதைச் சொன்னால் என்னென்ன பதில் கொடுக்கவேண்டும் என்று பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். கூர் தீட்டிய பதில்கள். ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. வெளியே மழை வலுத்தது. அவருக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

"சரி லா" என்றேன்.